கொறங்காட்டுக்கு எந்த வேலி? கிளுவை, செயின்லிங்க், முள்கம்பி, சோலார் – ஒரு மதிப்பீடு

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் வேலிக்கம்பி விற்கிற கடையில் கால் வைத்தால் இரண்டே கேள்விதான் வரும்: எத்தனை அடி, என்ன கேஜ் (கம்பியின் கனம்). உள்ளே மேயப்போவது மாடா ஆடா, வெளியே திரிவது நாயா நரியா, மண் சரளையா கரிசலா என்று கேட்கிற கடைக்காரர் அபூர்வம். அந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் வேலிக்கு மதிப்பெண் போட வேண்டும். வயலுக்கும் தோப்புக்கும் மனைக்கும் பொருந்துகிற வேலி கொறங்காட்டுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. இங்கே பார்ப்பது கொறங்காட்டு வேலியை மட்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி விளக்கம். கொறங்காடு என்பது மானாவாரிப் பட்டா மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே நரிப்பயறு மாதிரிப் பயற்றுக்கொடிகள், மேலே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடும் மயிலம்பாடிச் செம்மறியும் இந்த நாலும் சேர்ந்த ஏற்பாட்டில்தான் வளர்ந்தன. காலையில் உருப்படிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம்; ஆள் நின்று மேய்க்க வேண்டியதில்லை. மேய்ப்பன் செய்கிற வேலையை வேலி செய்கிறது. அதே காட்டில் கவுதாரி முட்டையிடுகிறது, முயல் படுக்கிறது, கீரியும் உடும்பும் சாரையும் இரை தேடுகின்றன, முள்ளெலி இரவிலும் நட்சத்திர ஆமை காலை மாலையிலும் நடமாடுகின்றன. இது காப்புக்காடும் அல்ல, சரணாலயமும் அல்ல. பட்டாதாரர் எந்த வேலியைப் போடுகிறாரோ அதை வைத்துத்தான் இவை இருப்பதும் போவதும்.

முதலில் அளவு. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே அளவை மட்டும் சொல்கிறோம். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு வள்ளக் காடு, அதாவது ஏறக்குறைய நான்கு ஏக்கர், சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 417 அடி, சுற்றளவு சுமார் 1,670 அடி. நீள்சதுரமாகவோ கோணலாகவோ இருந்தால் இன்னும் கூடும். இதே காட்டுக்கு நான்கு வேலிகளையும் போட்டுப் பார்ப்போம்.

கிளுவை: ஐந்துக்கு நாலரை

கிளுவை வாங்கும்போதே ஏமாற வாய்ப்புண்டு. வேலிக்கு வேண்டியது முள்கிளுவை. கிளை நுனி கூர்ந்து முள்ளாக முடியும். பச்சைக்கிளுவை என்று இன்னொன்று இருக்கிறது. பட்டை மெல்லிய தாளாக உரியும், இலை மாங்காய் வாசம் அடிக்கும், முள் கிடையாது. நல்ல மரம்தான், வேலிக்கு உதவாது. இலையில்லாத காலத்தில் வெட்டிய போத்தை (நடுவதற்கு அறுத்த கிளைத்தண்டை) மட்டும் பார்த்துத் தெரியாதவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கிளை நுனியைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். நர்சரியில் பை நாற்று வாங்குவது வீண் செலவு. பழைய வேலியை அறுக்கிற காட்டுக்காரரிடம் கேட்டால் அறுப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போத்து கிடைத்துவிடும்.

போத்து அறுக்கும் காலம் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில், செடி இலை உதிர்த்து நிற்கும்போது. துளிர் விட்ட பிறகு அறுத்தால் வேர் பிடிப்பதற்கு முன்பே இலை ஈரத்தைக் குடித்துவிட்டுப் போத்து காயும். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல், மணிக்கட்டுப் பருமன் வரை இருக்கலாம். நீளம் நாலரை முதல் ஐந்து அடி. அடியைச் சாய்வாகவும் தலையைச் சமமாகவும் வெட்டச் சொல்லுங்கள். இதில் ஒரு காரணம் உண்டு: நூற்றுக்கணக்கில் குவித்து வைத்த பிறகு அடி எது நுனி எது என்று தெரியாமல் தலைகீழாக நட்டுவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற தப்பு. தலைகீழாக நட்டது தழைக்காது.

அறுத்த அன்றே நடக்கூடாது. வெட்டுவாயில் பிசின் வடிந்து உறைய ஐந்து முதல் ஏழு நாள் நிழலில் நிறுத்தி வைக்க வேண்டும். பச்சை வெட்டோடு மண்ணில் இறக்கினால் அடி அழுகும். வெயிலில் படுக்கப் போட்டாலும் கெடும். பட்டை ஒரு பக்கம் வெந்துபோகும்.

நடவு கோடைமழைக்குச் சற்று முன்னால். ஓரடி அகலம், ஒன்றேகால் அடி ஆழத்தில் கால்வாய் எடுத்து அரை அடிக்கு ஒரு போத்து. 1,670 அடிக்கு 3,340 போத்து ஆகிறது. பட்டுப்போவதற்கு ஈடாகப் பத்துக்கு ஒன்று கூட்டி 3,700 வெட்டிக்கொள்ளுங்கள். கால்வாய் எடுக்க வசதியில்லாத சரளையில் கடப்பாரையால் குழி போட்டு இறக்கலாம். சம்மட்டியால் அடித்து இறக்கினால் தலை பிளந்து, பட்டை உரிந்து, பாதி போத்து அங்கேயே தோற்றுவிடும். இறக்கிய பிறகு மண்ணைக் காலால் நன்றாக மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். அடியில் காற்று நின்றால் வேர் இறங்காது.

நேராக நடுவதைவிட ஒன்று இடம் சாய்ந்து அடுத்தது வலம் சாய்ந்து, பெருக்கல் குறிபோலக் குறுக்கே விழும்படி நடுவது நல்லது. தரையிலிருந்து இரண்டடியிலும் மூன்றரை அடியிலும் இரண்டு வரிச்சு (குறுக்குக் குச்சி) வைத்துக் கட்டுங்கள். கட்டுவதற்குத் தேங்காய்க் கயிறோ கற்றாழை நாரோ போதும். கட்டுக்கம்பி போட்டால் தண்டு பருக்கும்போது கம்பி உள்ளே புதைந்து கழுத்தை இறுக்கி மேலே காய வைக்கும். நார் இரண்டு வருடத்தில் தானாக இற்று விழும். அதற்குள் கிளைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி தோல்விகள். முதல் எதிரி தண்ணீர். சொட்டுநீர்க் குழாய் இழுத்துத் தினமும் ஈரம் வைத்த வேலி அழுகி விழுகிறது. கிளுவை வறட்சிச் செடி. நட்ட சமயம் மழை ஏமாற்றினால் ஒரு முறை, இரண்டு முறை ஊற்றுவதோடு சரி. தண்ணீர் தேங்கும் கரிசலில் கிளுவைக்கு நாலரை மதிப்பெண் கிடையாது, இரண்டுதான். செம்மண்ணும் சுண்ணாம்புச் சரளையும்தான் அதன் ஊர். இரண்டாவது எதிரி வெள்ளாடு. துளிரை மட்டுமல்ல, பட்டையையும் கடித்து உரித்துவிடும். இரண்டு வருடம் வெள்ளாட்டை அந்தக் காட்டில் விடக்கூடாது, வெளிப்பக்கம் வெள்வேல முள்ளை வெட்டி அணைத்துப் போட வேண்டும். முதல் இரண்டு வருடம் மேய்ச்சலே போகிறது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு, குறை நியாயமானதுதான். காட்டை ஒரேயடியாக வேலியடைக்காமல் வருடத்துக்கு ஒரு பக்கம் என்று அடைத்தால் சுமை குறையும். பழைய வேலியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் முழுவதையும் பிடுங்காதீர்கள். ஓட்டைக்கு மட்டும் போத்து இறக்கினால் போதும்.

மூன்றாவது, அடி சொட்டையாவது. மேலே மட்டும் வெட்டி வெட்டிக் குடை மாதிரி வளர்த்த வேலியில் தலை அடர்த்தியாக இருக்கும். முழங்கால் உயரத்தில் ஆட்டுக்குட்டி வெளியே போகும். மூன்றாம் வருடத்திலிருந்து நாலரை அடியில் தலையை வெட்டி, அடிக்கிளைகளைத் தொடாமல் விடுங்கள். சொட்டையாகிவிட்ட இடத்தில் பக்கத்துத் தண்டைப் பாதிவரை வெட்டி, வளைத்து, குறுக்கே படுக்க வைத்துக் கட்டினால் அதிலிருந்து நேராகத் துளிர்கள் கிளம்பும். வெட்டுவதையும் ஒரே வருடத்தில் சுற்றி முடிக்க வேண்டாம். நாலு பக்கத்தில் ஒரு பக்கம் இந்த வருடம், அடுத்தது அடுத்த வருடம். கூடு வைக்கும் பறவைகளுக்கு எப்போதும் மூன்று பக்கம் மிஞ்சும், நடுவதற்கான போத்தும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

கிளுவை மட்டும் நட்டு நிறுத்திவிட்டால் பாதி வேலிதான். ஐந்தாறு வருடத்தில் மற்றவை தானாக ஏறும்: வேலிப்பருத்தி, கோவை, பிரண்டை, முடக்கத்தான், ஆதொண்டை, இண்டு, சங்கஞ்செடி, சூரைமுள். இதைப் பார்த்துக் களை என்று சுத்தம் செய்கிறவர்கள் வேலியின் பலத்தையே எடுத்துவிடுகிறார்கள். கொடி ஏறிய வேலிக்குள் கன்றுக்குட்டி தலையை நுழைக்காது. ஆதொண்டையில் சில வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழு வளர்கிறது. முள்ளில் கீச்சான் பிடித்த வெட்டுக்கிளியைக் குத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். சாரையும் கீரியும் வேலியில் தங்கினால் எலித்தொல்லை குறையும். பிடுங்க வேண்டியது ஒன்றே ஒன்று: சீமைக் கருவேலம். ஆடு காய் தின்று போடும் புழுக்கையில் முளைத்து வேலியடியில் மறைவாக வளரும். ஒரு சாண் உயரத்தில் மழை ஈரத்தில் இழுத்தால் வேரோடு வரும்; இடுப்பளவு வந்துவிட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும், பிறகு அடிவேரைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

அரை மதிப்பெண் ஏன் குறைந்தது? மயில்களை இந்த வேலி தடுக்காது. (எந்த வேலியும் தடுக்காது என்பதால் கால்தான் குறைத்திருக்க வேண்டும் என்று வாதிடலாம்.) மீதி, முதல் மூன்று வருட உழைப்புக்கு.

செயின்லிங்க்: பட்டிக்கு நான்கு, காட்டுக்கு ஒன்றரை

செயின்லிங்க் என்பது கண்ணி கண்ணியாகப் பின்னிய கம்பிவலை. இதே 1,670 அடிக்குக் கணக்கு: எட்டடிக்கு ஒரு தூண் வைத்தால் 209 தூண், 50 அடிச் சுருளில் 34 சுருள், மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசைக் கம்பி 5,010 அடி, மூலைக்கும் வாசலுக்கும் முட்டுத்தூண்கள் தனி. ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. அன்று மாலையே ஆட்டை விடலாம். கிளுவை இந்த விஷயத்தில் கிட்டேகூட வர முடியாது.

வாங்கும்போது கேஜை வாயால் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள். 10 கேஜ் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64, 14 கேஜ் சுமார் 2.03. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 12 என்று சொல்லி 14 கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் அளவுகோல் வைத்தால் தெரியும். பச்சை நிற பிளாஸ்டிக் பூச்சுக் கம்பியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பூச்சோடு சேர்த்து அளந்த கனத்தைச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் இரும்பு அதைவிட மெல்லியது. ஒரு நுனியைச் சுரண்டி உள்கம்பியை அளக்கச் சொல்லுங்கள். தூண் ஏழடி, அதில் இரண்டடி மண்ணுக்குள். சிமெண்ட் தூணைக் காட்டிலும் கல்தூண் இந்தப் பக்கம் நம்பகமானது. மாடு உடம்பை உரசும்போது மலிவான சிமெண்ட் தூண் தரைமட்டத்தில் முறிகிறது. கம்பியை இழுத்துக் கட்டுமுன் மூலைத்தூணுக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முட்டு இல்லாத மூலை முதல் மழையில் உள்ளே சாயும், அதோடு வரிசை முழுவதும் தொங்கும்.

காட்டுக்கு ஒன்றரைதான் கொடுத்ததற்குக் காரணம், இதில் எதுவும் போய்வர முடியாது. இரண்டரை, மூன்று அங்குலக் கண்ணில் முயல் நுழையாது. நட்சத்திர ஆமை கம்பியைக் கண்டால் திரும்பிப் போகாது. அதை ஒட்டியே நடந்துகொண்டிருக்கும், வெயில் ஏறும்வரை. கவுதாரி பறந்து தாண்டும், ஆனால் குஞ்சுகளோடு நடந்து போகும் பருவத்தில் குஞ்சுகள் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் ஆகும். காற்றில் பாலிதீன் பையும் காகிதமும் வந்து ஒட்டிக்கொண்டு வேலி முழுக்கக் குப்பைத் தோரணம். மாடு அதைத் தின்கிறது. தீவனம் என்ற கணக்கில் பார்த்தாலும் கம்பி ஒன்றும் தராது. கிளுவைத் தழையை வெள்ளாடு தின்னும், வேலிக்குள் நிற்கும் வெள்வேலங்காய் சித்திரையில் செம்மறிக்கு உணவு.

சரி, பிறகு ஏன் எல்லோரும் செயின்லிங்குக்கு மாறுகிறார்கள்? நாய்.

நாய்க் கேள்வி

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை வட்டாரத்தில் தெருநாய்க் கூட்டம் ஆடுகளைக் கடித்துக் குதறுவதும், இறந்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடுவதும் சில வருடங்களாகச் செய்தியாக வந்துகொண்டிருக்கின்றன. உயிர்வேலியைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பட்டியில் பத்து ஆடு செத்துக் கிடப்பதைப் பார்த்தவரிடம் போய்க் கவுதாரியைப் பற்றிப் பேசினால் எடுபடாது.

தாக்குதல் எங்கே, எப்போது நடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரவில், பட்டியில் அடைத்த ஆடுகள் மேல் விழும் தாக்குதல் ஒன்று. தப்பி ஓட இடமில்லாததால் ஒரே இரவில் நிறைய சாகும். பகலில், ஆளில்லாத காட்டில் விரட்டிக் கடிப்பது இன்னொன்று. முதலாவதற்கு நாலு ஏக்கரையும் கம்பியால் சுற்ற வேண்டியதே இல்லை. 50 செம்மறிக்கு ஆளுக்கு 20 சதுர அடிக்குமேல் விட்டாலும் 40 அடிக்கு 30 அடியில் பட்டி போதும். சுற்றளவு 140 அடி. 18 தூண், மூன்று சுருள். 1,670 எங்கே, 140 எங்கே! மிச்சமாகும் பணத்தில் பட்டிக்கு 10 கேஜ் கம்பியே போடலாம், உயரத்தை ஆறடியாக்கலாம்.

பட்டியில் நாய் ஏறிக் குதிப்பதைவிட அடியில் தோண்டி வருவதே அதிகம். கம்பியைத் தரையோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்துத் தரையில் படுக்க விட்டு, மேலே கல் பரப்புங்கள். நாய் வேலி ஓரத்தில்தான் தோண்டும்; கல்லும் கம்பியும் காலில் தட்டுப்படும்போது விட்டுவிடும். ஓரடி புதைப்பதும் உதவும், ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கதவடியில் விடும் இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு நீளக்கல்லைத் தரையோடு பதித்து, கதவுக்கும் கல்லுக்கும் இடையே மூன்று அங்குலத்துக்குமேல் வராமல் பாருங்கள்.

பகல் தாக்குதலுக்கு முழு விடை வேலியில் இல்லை. அரை அடிக்கு ஒரு போத்து நட்ட, கொடி ஏறிய கிளுவை வேலியில் இரண்டு தண்டுக்கு இடையே நாலைந்து அங்குலம்தான் இருக்கும். வளர்ந்த நாய் அதில் நுழையாது, முயலும் கீரியும் நுழையும். நாய் வருவது ஓட்டை வழியாகத்தான்: போத்து பட்டுப்போன இடம், மனிதர்கள் குறுக்கே நடந்து உண்டாக்கிய சந்து, ஓடை வேலியைக் கடக்கும் பள்ளம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை, தையில் ஒரு தடவை, வேலியைச் சுற்றி நடந்து இந்த ஓட்டைகளை எண்ணி அடையுங்கள். ஊரையோ தார்ச்சாலையையோ கோழிக்கழிவு கொட்டும் இடத்தையோ பார்த்த பக்கம் ஒன்று இருந்தால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கிளுவையின் உட்புறமாக மூன்றடிக் கம்பிவலை கட்டலாம். பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்த பக்கங்களை வலை கட்டாமல் வெறும் கிளுவையாகவே விடுங்கள். காட்டுயிர்கள் போய்வருவது அந்த வழியாகத்தான். நாலு பக்கத்தில் ஒரு பக்கம் அடைத்தால் 417 அடி வலை. செலவும் கால், சேதமும் கால்.

ஆமை வழி, அதாவது ஆமை வேலியைக் கடக்க அடியில் ஒரு சிறு திறப்பு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல யோசனை, செய்வதும் சுலபம். 200 அடிக்கு ஒன்றாக, அடியில் ஒரு பலகைக்கல்லைத் தரைமட்டத்தில் பதித்து, இரண்டு பக்கமும் ஆறு அங்குலக் கல் வைத்து, மேலே ஒரு மூடுகல். அகலம் பத்து அங்குலம், உயரம் ஆறு. அடிக்கல் இல்லாமல் விட்டால் நாய் அதையே தோண்டிப் பெரிதாக்கும். ஒரு வள்ளக் காட்டுக்கு எட்டு வழி போதும்.

முள்கம்பி: ஒன்று

மலிவு, விரைவு, தீர்ந்தது. செம்மறியின் ரோமமும் காங்கயம் காளையின் தோலும் கிழிகின்றன. ஆந்தை, பக்கிக்குருவி, வௌவால் இருட்டில் மேல்கம்பியில் சிக்குகின்றன. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. மேல்கம்பியையும் அடிக்கம்பியையும் மட்டும் முள்ளில்லாத வழுவழுக் கம்பியாக மாற்றினாலே பாதிச் சேதம் குறையும். அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணைகளில் இந்த மாற்றம் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அங்கே ப்ராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு வேலியைத் தாண்டாது, அடியில்தான் நுழையும். அதனால் அடிக்கம்பியை முள்ளில்லாமல், தரையிலிருந்து 16 அங்குலத்துக்குக் குறையாமல் கட்டச் சொல்கிறார்கள். நம் காட்டில் 16 அங்குலம் விட்டால் ஆட்டுக்குட்டி போய்விடும்; ஆனால் அடிக்கம்பியில் முள் எதற்கு என்ற கேள்வி இங்கேயும் பொருந்தும்.

சோலார் மின்வேலி: மலையடிவாரத்தில் மூன்றரை, கொறங்காட்டில் ஒன்று

யானையும் காட்டுப்பன்றியும் வருகிற அடிவாரத் தோட்டங்களுக்கு இது தேவைப்படலாம். காங்கயம் வட்டாரத்து மேய்ச்சல் காட்டுக்கு இதை விற்பனையாளர் சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். காரணம் தொழில்நுட்பமே. மின்வேலி ஒரு விநாடிக்கு ஒரு தரம் மிகக் குறுகிய மின்துடிப்பை அனுப்புகிறது. கம்பியில் பச்சைத்தழை பட்டால் அந்தத் துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். ஐப்பசியில் கிளுவை துளிர்த்துக் கொடிகள் படரும்போது, ஐந்து வரிசைக்கு 8,350 அடிக் கம்பியில் எங்கெல்லாம் தழை தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். கிளுவையை வைத்துக்கொண்டு சோலார் போடுவதானால் குறைந்தது இரண்டடி தள்ளித்தான் போட முடியும். இல்லையென்றால் கம்பி போட்ட ஆள் வந்து, 'வேலியை வெட்டுங்க, கம்பி வேலை செய்யும்' என்பார். வெட்டியதோடு கிளுவை போயிற்று.

தேவைப்படுகிற இடத்தில் போடுவோர்க்கு: எனர்ஜைசரில் (மின்துடிப்பை அனுப்பும் கருவியில்) ஐஎஸ் 302-2-76 தரக்குறி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகள் வந்த பிறகு, காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் புதிதாகப் போட வனத்துறையின் முன் அனுமதியும், பழைய வேலிக்குப் பதிவும் வேண்டும். எர்த் கம்பி ஒன்றோடு நிறுத்துவதுதான் பெரும்பாலான வேலிகள் 'அடிக்கவில்லை' என்பதற்குக் காரணம். ஆறடிக் கம்பி மூன்று, பத்தடி இடைவெளியில், ஈரம் நிற்கும் இடத்தில் இறக்க வேண்டும். வறண்ட சரளையில் எர்த் பிடிக்காது. கோடையில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால்தான் வேலை செய்யும். அழுத்தத்தைக் கருவிக்குப் பக்கத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள். வேலியின் கடைசி மூலையில், மின்வேலிக்கென்று உள்ள மீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இந்தத் துடிப்பைச் சரியாகக் காட்டாது, கெட்டும் போகும். இரவில் நடந்துபோனால் கசிவு இருக்கும் இடத்தில் 'டிக் டிக்' என்று கேட்கும்.

பன்றிக்காக அடிக்கம்பியை ஆறு அங்குலத்தில் கட்டுகிறார்கள். ஆமைக்கு அதிர்ச்சி பட்டால் ஓடாது, ஓட்டுக்குள் ஒடுங்கி அதே இடத்தில் நிற்கும்; அடுத்தடுத்த துடிப்பு அதன்மேலேயே விழுந்து சாகும். அழுங்கு (எறும்புதின்னி) கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும், முடிவு அதே. தென்னாப்பிரிக்காவில் இந்தச் சாவுகள் நன்கு பதிவாகியுள்ளன. மின்சாரம் ஓடும் முதல் கம்பி ஓரடிக்குக் கீழே வேண்டாம். கீழே கம்பி இருந்தே ஆக வேண்டுமென்றால் அதை எர்த்தோடு இணையுங்கள்.

வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ நேராகக் கம்பியில் விடுவது மின்வேலி ஆகாது, கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்தன. அதே கம்பியில் ஆளும் சாகலாம், சட்டமும் விடாது.

இட்டேரி இருந்தால்

இரண்டு காட்டு வேலிக்கு நடுவே போகும் இட்டேரி உங்கள் எல்லையில் இருந்தால், வேலித் தேர்வில் அதற்குத் தனிக் கணக்குப் போடுங்கள். இரு பக்கமும் கிளுவையும் கள்ளியும் கொடியும் நிற்கும் பத்தடிச் சந்து, ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் இடையே உயிர்கள் போகும் பாதை. ஒரு பக்கத்துக்காரர் செயின்லிங்க் போட்டாலும் எதிர்ப்பக்கம் நின்றால் பாதை பாதி பிழைக்கும். இரண்டு பக்கமும் போனால் அது வெறும் மண்ரோடு. ஜேசிபி வைத்து இட்டேரியை அகலப்படுத்தும்போது வேலியின் வேரை மண்ணோடு புரட்டிவிடுகிறார்கள். அகலப்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கிற பக்கத்துக் கிளுவையை ஜேசிபி வருமுன், இலையில்லாத காலமாகப் பார்த்து, போத்தாக அறுத்து நிழலில் அடுக்கிவிட்டால் புதிய எல்லைக்கு வேண்டிய நடவுப்பொருள் கையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அறுத்தால் அது விறகுக்குக்கூட ஆகாது. கிளுவை மென்மரம், புகையும், எரியாது.